ஓடிப்போனவன் என்று எழுதப்பட்ட சிகோவா

டர்பனுக்கு வடக்கே, சூலு நாட்டு ஓரத்தில் இருக்கும் டண்டியில் டாக்ஸி நிறுத்தத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காலையில் கதவைத் தூக்கியதும் முதலில் கேட்பது பெரும்பாலும் சிசகேலே அக்காவின் குரல்தான். யாரையாவது திட்டிக்கொண்டேதான் உள்ளே வருவாள். இங்கிலாந்துக்காரனாக இருக்கலாம், தபால் நிலையத்துப் பெண்ணாக இருக்கலாம், என் பிரிண்டராகவும் இருக்கலாம்.

அக்காவின் முழுப் பெயர் சிசகேலே கமேடே. கணவர் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தார், நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு ஊருக்கு வெளியே ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். வெள்ளைக்காரனும் சூலு அரசரும் மோதிய பழைய போர்க்களங்களைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் இடம் அது. வருகிற வெள்ளைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு முப்பாட்டன் இருந்தார். அவர் எந்தப் படையில் இருந்தார், எங்கே காயம்பட்டார், எங்கே புதைத்தார்கள் என்று கேட்டுத் துளைத்தார்கள். அக்கா சிறுவயதில் மிஷன் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைத் தட்டச்சு செய்தவள். அந்தக் காலத்துச் சாய்ந்த கையெழுத்து அவளுக்குப் பழகியிருந்தது. பதில் சொல்லிச் சொல்லி அதுவே தொழிலாகிவிட்டது. விடுதி விற்றுப்போனபின் என் கடையின் மூலையில் இருந்த மேசை அவள் அலுவலகமானது. வாடகை என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

"ஷேசி, இந்த ஆளு எழுதியிருக்கறதப் பாரு" என்பாள். "இவரோட முப்பாட்டனும் ரோர்க்ஸ் டிரிஃப்ட்ல இருந்தாராம். அந்த மிஷன் வீட்டுல இருந்தது மொத்தமே நூத்தம்பது பேரு. என்கிட்ட வந்தவங்களோட தாத்தாக்கள எல்லாம் உள்ள நிக்க வெச்சா கூரையே பேந்து போயிருக்கும். சூலுப் படைக்கு வேலையே இருந்திருக்காது."

இங்கிலாந்திலிருந்து ட்ரெவாஸ்கிஸ் என்று ஒரு கார்ன்வால்காரர் நேரிலேயே வந்தார். தன் முப்பாட்டன் வாளோடு நின்று போரிட்டவர் என்று சொன்னார். அக்கா அவர் பெயரைத் தேடி எடுத்திருந்தாள். டர்பன் துறைமுகத்தில் படைக்கு ரொட்டி சுட்டவர். போர் முடியும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை.

"ஆனா அம்மா, அவரோட வாள் எங்க வீட்டுச் சுவத்துல தொங்குது" என்றார் அவர்.

"ரொட்டி சுடறவருக்கு எதுக்குங்க வாள்? உங்க வீட்டுல யாரோ சந்தையில ஏமாந்து வாங்கியிருக்காங்க" என்றாள் அக்கா. அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து நான் டீ போட்டுக் கொடுத்தேன். அக்கா அவருக்காக இளகவில்லை. ஆயிரக்கணக்கான பேர் தின்ற ரொட்டி அது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்டாள். உண்மையை வாங்க வந்தவன் உண்மையை வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சிக்கு அவள் வீட்டுக்குள்ளேயே சோதனை வந்தது.

அவளுக்கு ஓர் அண்ணன். எம்பெகெசேலி என்று பெயர். எங்கள் மொழியில் அதற்குப் பொறுமைசாலி என்று அர்த்தம். பெயர் வைத்த அன்றே பெற்றவர்கள் தவறு செய்துவிட்டார்கள். ஊர்விட்டு ஊர் ஆளேற்றும் வேன் டாக்ஸிகள் வைத்து ஓட்டுகிறார். டண்டிக்கும் ந்குத்துவுக்கும் இடையே அவர் வண்டியின் ஹாரன் கேட்காத நேரமில்லை. அந்த வருடம் ந்குத்துப் பக்கம் அவர்கள் கிராமத்தில், அரசருக்காகப் போரிட்ட வீரர்களின் பெயரைப் பொறித்து ஒரு நினைவுச் சுவர் எழுப்ப ஒரு குழு கிளம்பியது. தங்கள் முப்பாட்டன் மதேவு கமேடேவின் பெயர் அதில் முதல் வரிசையில் வரவேண்டும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். இசந்துல்வானா மலையடியில் வெள்ளைக்காரப் படையைச் சூலுப் படை துவைத்தெடுத்த நாளில் மதேவு முன்வரிசையில் நின்றார் என்பது அவர் கட்சி. யார் சொன்னார்கள் என்று கேட்டால் இரத்தம் சொல்கிறது என்பார். 'மதேவுவின் இரத்தம்' என்று எழுதிய பனியன்களைத் தன் டிரைவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்.

குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வீரரின் படைப்பணி ஆவணத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்.

அதைக் கேட்ட அன்று அக்கா என் கடையில் நின்ற நிலையை மறக்கமாட்டேன். குழுவின் செயலாளர் ஓர் இளைஞர், கழுத்தில் டை கட்டியவர். அவரே சுற்றறிக்கையை ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார்.

"தம்பி, அரசர் படைக்கு ஏதுப்பா ஆவணம்?" என்றாள். "வயசு வந்த பசங்களக் கூப்பிட்டாங்க. கூட்டத்துக்கு ஒரு பேரு வெச்சாங்க. ஒரே நிறத்துல மாட்டுத்தோல் கேடயம் குடுத்தாங்க. அதுல எந்த மாடு கையெழுத்துப் போட்டுச்சு?"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா சுற்றறிக்கையில அப்படித்தான் இருக்கு."

"சுற்றறிக்கைய எழுதினது யாரு?"

"நான்தாம்மா."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "இவருக்கு ரெண்டு பக்கமும் எடுத்துக் குடு. ஒரு பக்கம் போதாது" என்றாள்.

அண்ணன் விடவில்லை. தினமும் வண்டியை என் கடை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வருவார்.

"ஊரான் தாத்தாவையெல்லாம் தேடிக் குடுக்கற. நம்ம தாத்தா மட்டும் உனக்குக் கெடைக்கமாட்டாரா?"

"அண்ணே, இல்லாத காகிதத்த நான் எங்கேர்ந்து கொண்டுவர? புதுசா எழுதட்டுமா?"

"எழுதேன். உனக்குத்தான் அந்தக் கையெழுத்து வருமே."

அக்கா கையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து அவர்மேல் எறிவாள் என்று நினைத்தேன். அண்ணனும் அப்படியே நினைத்திருக்கவேண்டும். வெளியே போய் ஹாரனை அடிக்கத் தொடங்கிவிட்டார்.

கடைசியில் தொல்லை பொறுக்காமல்தான் அவள் தேட ஆரம்பித்தாள். அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை ஆல்பினா அத்தையைப் பார்க்கப் போனாள். அத்தை அவர்கள் தந்தையின் தங்கை. வீட்டில் மிச்சமிருக்கும் மூத்தவள். புளித்த பாலும் சோளக் களியும் சாப்பிட்டுக்கொண்டே, மதேவு எந்த ஊர்க்காரர் என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"ஆத்துக்கு அந்தாண்ட ம்சிங்கா பக்கம்" என்று சொல்லியிருக்கிறாள் அத்தை. "சண்டையெல்லாம் முடிஞ்சப்புறம்தான் இந்தாண்ட வந்தாங்க."

அக்கா கையிலிருந்த களியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அந்தக் காலத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சூலு அரசரின் நாடு, அந்தப் பக்கம் வெள்ளைக்காரனின் நேட்டால். அங்கிருந்த குலத் தலைவர்களைக் கூப்பிட்டு ஆள் அனுப்பச் சொல்லித்தான் வெள்ளைக்காரன் தன் படைக்குக் கறுப்பு ஆட்களைச் சேர்த்தான். அவர்களுக்குச் சீருடை இல்லை. எதிரிக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரிவதற்காகத் தலையில் சுற்ற ஒரு சிவப்புத் துணி மட்டும் கொடுத்தான். மதேவு அந்தக் கரையில் பிறந்தவர் என்றால் அவர் நின்ற பக்கமும் அதுவாகத்தான் இருக்கமுடியும். அத்தையிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அண்ணன் பனியனத் துவைச்சு உள்ள வெக்கச் சொல்லணும் போல இருக்கு ஷேசி."

"விட்டுடு அக்கா. கெடைக்கலன்னு சொல்லிடு."

"அந்தக் கார்ன்வால்காரர்கிட்ட நான் அப்படியா சொன்னேன்?"

நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போகப் பேருந்தில் அரை நாள் ஆகும். முதல் தடவை போனபோது மின்வெட்டு. மின்சாரம் இல்லாமல் கிடங்குக்குள் போகக் கூடாது என்று விதியாம். அடுத்த தடவை அவள் கேட்ட காகிதக் கட்டு பழுதுபார்க்கப் போயிருந்தது. பழுதுபார்க்கிற ஆள் ஓய்வு பெற்றுவிட்டார். அதற்கடுத்த தடவை கட்டு வந்திருந்தது, அது வேறு ஒரு ஊருடையது. ஊர்ப் பெயரை எழுதும்போது யாரோ ஓர் எழுத்தை விட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மாலையில் கடைக்குள் வந்து பையை மேசையில் போடுகிற சத்தத்திலேயே எனக்கு முடிவு தெரிந்துவிடும். நான் கேட்கமாட்டேன். கடலைமாவு போல் பொடிந்துபோன பழைய காகிதத் தூசி அவள் சட்டைக் கையில் ஒட்டியிருக்கும்.

"நம்மாளுங்க பேர எழுதறதுக்கு அவனுங்களுக்கு மனசே வரல" என்பாள். "குதிரைக்குப் பேரு எழுதியிருக்கான். குதிரை என்ன நிறம், எந்தக் கால்ல வெள்ளைன்னு எழுதியிருக்கான். மனுசங்களுக்கு 'ஆட்கள்'னு போட்டு ஒரு எண்ணிக்கை. அவ்வளவுதான்."

படைப் பட்டியலில் கிடைக்காது என்று தெரிந்ததும், ம்சிங்கா பக்கத்து நீதிபதி அலுவலகத்தின் பழைய வழக்குக் காகிதங்களைக் கேட்டாள். தகராறு, வரி, மாடு, பெண் விஷயம் எல்லாம் இருக்கும் குப்பை அது. யாரும் தொடாததால் பழுதுபார்க்கவும் போகாமல் இருந்தது. அதில்தான் மதேவு இருந்தார்.

அன்று பிற்பகல் அவள் கடைக்கு வந்தபோது பையை மேசையில் போடவில்லை. மெதுவாக வைத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. காகிதத்தைப் புகைப்படம் எடுத்து வந்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் எவரோ கேட்டு ஆங்கிலத்தில் எழுதியது. அவள் அதைத் திரும்ப எங்கள் மொழியில் எனக்குச் சொன்னாள்.

"என் பெயர் மதேவு. என் தம்பி பெயர் சிகோவா. தலைவர் கூப்பிட்டார், இரண்டு பேரும் போனோம். சிவப்புத் துணியைத் தலையில் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். மலைக்குக் கீழே வண்டிகள் நின்ற இடத்தில், ஓடைப் பக்கம், என் தம்பி விழுந்ததை நான் பார்த்தேன். என்னால் அவனைத் தூக்க முடியவில்லை. ஆறு பெருகியிருந்தது, நான் நீந்தி வந்தேன். இப்போது நீங்கள் என் தம்பியை ஓடிப்போனவன் என்று எழுதி, அவன் வீட்டிலிருந்து ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். ஓடிப்போனவனின் மனைவி விதவை ஆகமுடியாது என்று தலைவர் சொல்கிறார். அவள் துக்கம் காக்கவும் முடியவில்லை, துக்கத்தை விடவும் முடியவில்லை. அவன் ஓடிப்போயிருந்தால் அவனைப் பிடியுங்கள். பிடித்து என்னிடம் கொடுங்கள். எனக்கும் அவன் வேண்டும்."

கீழே நீதிபதியின் குறிப்பு இருந்தது. 'பட்டியலைச் சரிபார்க்கவும்.' அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து. 'பட்டியல் முகாமிலேயே தொலைந்தது. பட்டியல் இல்லாததால் இவன் படையில் இருந்ததாகவோ இறந்ததாகவோ எழுத இயலாது.'

"படையில இருந்ததா எழுத முடியாதாம். படைய விட்டு ஓடினதா மட்டும் எழுதலாமாம்" என்றாள் அக்கா.

மதேவு அதோடு விடவில்லை. அடுத்தடுத்த காகிதங்களிலும் வந்துகொண்டேயிருந்தார். மழைக்காலத்தில் வந்தார், அறுவடைக்கு வந்தார், நீதிபதி மாறியதும் புதியவரிடம் முதலிலிருந்து சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே பதில். கடைசிக் காகிதத்தின் ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'அந்த ஆள் மறுபடி வந்திருக்கிறான். பெரும் தொல்லை.'

அக்கா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "நேத்து அந்தக் காப்பகத்துல ஒருத்தி என்னப் பாத்து, 'இந்தம்மா மறுபடியும் வந்துடுச்சு'ன்னு உள்ள திரும்பிச் சொன்னா. என் காதுபடச் சொன்னா." கண்ணாடியைக் கழற்றினாள். "நூத்தி நாப்பது வருசமா எங்க குடும்பம் ஒரே கவுண்டர்ல நிக்குது ஷேசி."

அவள் கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. டீ போட எழுந்து போய்விட்டேன்.

அண்ணனிடம் அத்தை வீட்டில் வைத்துத்தான் சொன்னாள். பெரிய பாத்திரங்களை எடுத்துப்போக ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போயிருந்தாள். பாத்திரம் எதுவும் இல்லை. சாட்சிக்குத்தான் கூட்டிப்போனாள். அண்ணன் கேட்டு முடித்தபோது அவர் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"நம்ம தாத்தா வெள்ளக்காரன் பக்கமா? தலையில அவன் துணியக் கட்டிக்கிட்டா?"

"கூப்பிட்டாங்க, போனாரு. போகாட்டி மாட்ட ஓட்டிட்டுப் போயிருப்பாங்க. போயும் ஓட்டிட்டுத்தான் போனாங்க."

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஷேசிக்குத் தெரியும்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் கதவுக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அந்தக் காகிதம் காப்பகத்துலயே கெடக்கட்டும்" என்றார். "நூத்தி நாப்பது வருசம் கெடந்துச்சு, இன்னும் நூறு வருசம் கெடந்தா என்ன? நான் ரேடியோவுல வேற பேசிட்டேன். டாக்ஸி சங்கத்துல என் மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது?"

"எங்க இருக்கோ அங்கயே வெச்சுக்கோ."

"உனக்கு என்ன, நாலு இங்கிலீஷ்காரனோட பழகிப் பழகி ரத்தமே மாறிப்போச்சு."

"ரத்தத்தப் பத்தி நீ பேசாத. உன் ரத்தம் பனியன்லதான் இருக்கு."

இப்படியே போயிருக்கும். ஆல்பினா அத்தை அதுவரை மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பல் போன வாயால் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஜபம் என்று நினைத்தோம். அவள் குலத்தின் பெயர்வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சிகோவா" என்றாள் திடீரென்று. "மதேவுக்கு முன்னாடி சிகோவான்னு ஒரு பேரு வரும். ஆடு வெட்டறப்பல்லாம் சொல்லுவோம். அது யாருன்னு எங்கப்பாவக் கேட்டேன். அவருக்கும் தெரியல." பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "அவன யாரு வீட்டுக்குக் கூட்டியாந்தா?"

சிகோவாவின் ஆவியைத்தான் கேட்டாள். வெளியே செத்தவரை வெளியிலேயே விடுவது எங்களிடம் வழக்கமில்லை. இலந்தைக் கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு அவர் விழுந்த இடத்துக்குப் போகவேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கிளையில் ஏற்றி, வழி சொல்லிக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். இல்லாவிட்டால் அவர் அங்கேயே வெயிலிலும் மழையிலும் நிற்பார்.

"யாரும் கூட்டியாரல" என்றாள் அத்தை. "மதேவு ஆபீசுக்கு நடந்த நேரத்துல மலைக்கு நடந்திருக்கலாம்."

"அத்த, செத்தாருன்னு ஒத்துக்கிட்டாத்தானே கூட்டியார முடியும்? அதுக்குத்தான் அவரு நடந்தாரு" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

அண்ணன் எழுந்து போய் வாசலில் நின்றார். அந்த மாதம்தான் அவருடைய இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து இஞ்சின் போய்ப் படுத்திருந்தன. வெளியே விட்ட பெரியவர் வீட்டுக்குக் கஷ்டம் கொடுப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. அவருக்கே அது ஞாபகம் வந்திருக்கவேண்டும். திரும்பி வந்தபோது, "எந்தச் சனிக்கிழமை?" என்று மட்டும் கேட்டார்.

கிளையைச் சுமப்பவர் வேறு யாருடனும் பேசக்கூடாது. கிளையில் இருப்பவரோடு மட்டும்தான் பேசலாம். வழக்கமாக வீட்டு ஆண்பிள்ளைதான் சுமப்பார். அத்தை மாற்றிச் சொல்லிவிட்டாள்.

"அவனக் கண்டுபிடிச்சவ இவ. இவளே தூக்கட்டும்."

"இவளா? இவ வாய மூடிக்கிட்டா?" என்றார் அண்ணன்.

சனிக்கிழமை காலையில் அண்ணனின் வண்டியில் கிளம்பினோம். ஓட்டியது அவர் டிரைவர். அண்ணன், அக்கா, அத்தை, உறவுக்காரர் சிலர், கூட நானும். இசந்துல்வானாவில் அன்று காற்று கடுமையாக இருந்தது. மலை படுத்த மிருகம் போலக் கிடந்தது. அடிவாரத்துப் புல்லில் வெள்ளையடித்த கற்குவியல்கள் எங்கும் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு குவியலின் அடியிலும் யாரோ சிலர். யார் என்று யாருக்கும் தெரியாது. பளிங்குத் தூண்களில் இருந்த பெயர்களை அண்ணன் நின்று படித்தார். கமேடே என்று எதுவும் இல்லை.

வண்டிகள் நின்ற இடத்தையும் ஓடையையும் அக்கா வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தாள். ஓடைக்குப் பக்கத்தில் நின்று கிளையின் நுனியைத் தரையில் ஊன்றினாள். என்ன சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். ஆங்கிலேயருக்கு நீட்டி நீட்டிக் கடிதம் எழுதுகிறவள் அங்கே நாலே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"சிகோவா" என்றாள் குனிந்து. "நீ ஓடிப்போகலன்னு எங்களுக்குத் தெரியும். உங்கண்ணன் திரும்பத் திரும்ப வந்து சொன்னாரு. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியில் ஏறும்போது அத்தை தகராறு கிளப்பினாள். பெரியவருக்குத் தனி இருக்கை வேண்டும், அதற்கு டிக்கெட் காசும் கொடுக்கவேண்டும்.

"என் வண்டிக்கு நானே காசு குடுக்கணுமா?" என்றார் அண்ணன்.

"குடுக்காட்டி நடந்து வருவாரு. வீடு போய்ச் சேர இன்னொரு நூறு வருசம் ஆகும்."

அண்ணன் பையிலிருந்து எடுத்துத் தன் டிரைவரிடமே கொடுத்தார். டிரைவர் வழக்கம்போல் சில்லறையை அவரிடம் திருப்பி நீட்டினான். அதற்கும் அவனுக்குத் திட்டு விழுந்தது. கிளையை ஜன்னலோர இருக்கையில் வெள்ளைத் துணி சுற்றிச் சாய்த்துவைத்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். வழி நெடுக, "சிகோவா, இப்ப பாலத்தத் தாண்டறோம்", "சிகோவா, இது தார் ரோடு, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ந்குத்துவுக்குச் சற்றுமுன் போலீஸ் வண்டியை மறித்தது. எட்டிப்பார்த்த போலீஸ்காரர் கிளையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். ஆனாலும் கடமை கடமைதான்.

"கண்ணாடியில ஒட்டியிருக்கற லைசென்ஸ் வில்லை காலாவதி ஆயிடுச்சே ஐயா" என்றார் அண்ணனிடம்.

"தெரியும் தம்பி. புதுப்பிக்கப் போனேன். அந்த ஆபீசுல சிஸ்டம் வேல செய்யல. போன வாரமும் செய்யல."

"அப்ப அதுக்கு ஒரு காகிதம் குடுத்திருப்பாங்களே?"

"சிஸ்டம் வேல செஞ்சாத்தான் காகிதம் அடிக்க முடியும்னாங்க."

"காகிதம் இல்லாம நான் எப்படிங்க விடறது?"

இந்த மாதிரிப் பேச்சில் உள்ளே புகுந்து கிழிக்க அக்காவைவிட யாரும் கிடையாது. ஆனால் பக்கத்தில் கிளை இருந்தது. பேசக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி கிளையிடம் சொன்னாள்:

"சிகோவா, இது போலீசு. காகிதம் கேக்கறாங்க. இல்லன்னா நம்பமாட்டாங்களாம். பொறுத்துக்கோ, உனக்கு இது பழக்கம்தான்."

போலீஸ்காரர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியவர வெயில்ல நிக்க வெக்காதீங்க, போங்க" என்று வழிவிட்டார். அதன்பின் வண்டி நேரே வீடு போய்ச் சேர்ந்தது. மாட்டுத் தொழுவத்து வாசலில் இறங்கியபோது அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அவர் யாருக்கும் அப்படிக் கைகொடுத்து நான் பார்த்ததில்லை. அன்று ஆடு வெட்டினார்கள். குலத்தின் பெயர்களைச் சொல்லும்போது சிகோவாவின் பெயர் வந்ததும் அத்தை கொஞ்சம் நிறுத்தி, பிறகு மேலே சொன்னாள்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சுவர் இருக்கிறதே.

அக்கா தேடிக்கொண்டிருந்த மாதங்களில் அண்ணன் சும்மா இருக்கவில்லை. டாக்ஸி சங்கத்து நண்பர் ஒருவரைப் பிடித்து, 'மதேவு கமேடே அரசருக்காகப் போரிட்டார் என்பது எனக்குத் தெரியும்' என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்திருந்தார். அந்த நண்பருக்கு வயது நாற்பது. குழு அதை ஏற்றுக்கொண்டது. செப்டம்பரில் சுவரைத் திறந்தார்கள். முதல் வரிசையில், பெரிய எழுத்தில், மதேவு இருந்தார்.

அண்ணனே வெட்கப்பட்டு, எடுத்துவிடச் சொல்லி அக்காவோடு போனார். டை கட்டிய செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, பொறிச்ச பேர எடுக்கணும்னா, அவரு அரசர் படையில இல்லங்கறதுக்கு ஆதாரம் வேணும்."

அக்கா மதேவுவின் வாக்குமூலத்தை மேசையில் வைத்தாள்.

"இது அவரு ஒரு மனு குடுத்தாருங்கறதுக்குத்தான் ஆதாரம். அவரு அந்தப் பக்கம் சண்ட போட்டாருன்னா, அந்தப் படையோட பணி ஆவணம் இருந்தாக் குடுங்க."

"அந்தப் பட்டியல் முகாம்லயே தொலைஞ்சுபோச்சுன்னு இதுலயே எழுதியிருக்கேப்பா."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபோது அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை என்று இன்னொன்று. இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறாள். சுவரின் மறுபக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது, அதில் சிவப்புத் துணி கட்டிச் செத்தவர்களின் பெயரை எழுதுங்கள், அவர்களும் இந்த மண்ணில்தான் கிடக்கிறார்கள் என்பது அவள் கோரிக்கை. மறுபக்கம் சாலையைப் பார்க்காது, யாரும் படிக்கமாட்டார்கள் என்று ஒருமுறை பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் சொன்னதை இங்கே எழுதமுடியாது.

விஷயம் ஆற்றுக்கு அந்தாண்டையும் பரவிவிட்டது. இப்போது ம்சிங்காவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆடு வெட்டும்போது சொல்லும் பெயர்களில் யாரென்று தெரியாத ஒருவர் அவர்கள் வீட்டிலும் இருக்கிறார். கையில் பணம் இருக்காது. பூசணி இருக்கும், உயிருள்ள கோழி இருக்கும். இங்கிலாந்துக்காரரின் மின்னஞ்சல்கள் பதிலில்லாமல் குவிகின்றன. என் கடையில் பிரிண்டர் மேல் கோழி எச்சம்.

நேற்று ஒரு பெண்மணி வந்து நின்றார். அவர் பாட்டனாரின் சித்தப்பா அந்தப் போருக்குப் போனவர் திரும்பவில்லையாம். வெள்ளைக்காரன் அவருக்கு ஜிம் என்று பெயர் வைத்திருந்தானாம்.

"எந்த ஜிம்முங்க?" என்று அக்கா கத்தினாள். "அங்க எல்லாரும் ஜிம்முதான். பேரு வாயில நுழையாதவனுக்கெல்லாம் ஜிம்முன்னு வெச்சிட்டுப் போயிட்டான். நெசப் பேரு என்ன? எந்தத் தலைவரோட ஆளு? கூட யாரு போனா? ஒண்ணும் தெரியாம வந்து நின்னா நான் எங்க போய்த் தேட?"

அந்தப் பெண்மணி பயந்துபோய் நின்றுகொண்டே இருந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"ஷேசி, என்ன பாத்துக்கிட்டு நிக்கற? அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடு."